பக்கவாட்டுத் தையல்

"ஃபேக்டரி லெதரா, வெளியில போடற லெதரா? ஒரே ஒரு பதில் சொல்லுங்க. ஒரு மாசமா இதையே படிச்சுப் படிச்சுத் தலை சுத்துது," என்று கேட்டுக்கொண்டேதான் அந்தப் பெண் பட்டறைக்குள் நுழைந்தாள்.

கார் சீட்டுக்கு உறை தைக்கிற பட்டறை. இரண்டு மிஷின், ஒரு வெட்டு மேசை, சுவர் நெடுக உருட்டி நிறுத்திய தோல்கள். தையல்காரி ஒரு தலைச்சாய்ப்பு உறையின் கடைசி மூலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். மூலை முடியாமல் அவள் யாருக்காகவும் நிமிர மாட்டாள்.

"வண்டி வந்தாச்சா?" என்றாள், ஊசியைப் பார்த்தபடியே.

"அடுத்த வாரம் வருது. நடு மாடல். துணி சீட்டுதான். லெதர் வேணும்னா மேல் மாடலுக்குப் போகணுமாம். அதுல கூரையில கண்ணாடி, பெரிய சக்கரம், சீட்டு வேற தானா சூடாகுமாம். எனக்கு எதுக்குங்க அதெல்லாம்? நான் ஆபீஸ் போகணும், வரணும்."

"சீட்டு சூடாகறதுக்குத்தான் ஆபீஸ்ல மேலதிகாரி இருப்பாரே," என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

நாத்தனாரின் குரல். தையல்காரியின் கணவருக்கு மூத்தவள். தம்பி லாரியை எடுத்துக்கொண்டு போனால் பத்து நாள், பதினைந்து நாள் வருவதில்லை என்று துணைக்கு வந்தவள், பட்டறையில் தோலின் சுருக்கத்தை நீராவிப் பெட்டியால் நீவும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டுவிட்டாள். சுருக்கம் போகிறதோ இல்லையோ, வருகிறவர் யாரும் அவள் வாயிலிருந்து தப்பிப் போனதில்லை.

பெண் சிரித்துவிட்டாள். தையல்காரியும் மூலையை முடித்து நிமிர்ந்தாள்.

"நேர்மையா சொல்லவா, வியாபாரமா சொல்லவா?"

"ரெண்டையும் சொல்லுங்க. எது எதுன்னு நானே பிரிச்சுக்கறேன்."

"ஃபேக்டரியில தோல்னு சொல்றது நீங்க உட்கார்ற இடமும் முதுகு சாயற இடமும் மட்டும்தான். பக்கம், பின்னாடி, அடியில எல்லாம் ரெக்சின். இப்பப் பார்த்தா தெரியாது. நாலு வெயில் பட்டா தோல் ஒரு நிறமாவும் ரெக்சின் ஒரு நிறமாவும் நிக்கும். ஆனா அங்க தையல் அளவு பிசகாது, கம்பெனியோட கியாரண்டி இருக்கு. என்கிட்ட வந்தா முழுசும் தோல், நீங்க கேக்கற நிறம். கியாரண்டின்னா நான்தான். நான் செத்தா அதுவும் செத்துது."

"வியாபாரம் பண்ற லட்சணத்தைப் பாரு," என்றாள் நாத்தனார்.

"இல்லம்மா, எனக்கு இது பிடிச்சிருக்கு," என்றாள் பெண். "ஆனா ஒரு பயம். முன்சீட்டுல பக்கத்துல ஏர்பேக் இருக்குல்ல? வெளியில உறை தைச்சா அது திறக்காம போயிடும்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு."

தையல்காரி எழுந்து வந்தாள். வெட்டு மேசையின் மேல் ஒரு பழைய முன்சீட்டு இருந்தது. அதன் வெளிப்பக்க விளிம்பில் பெண்ணின் விரலைப் பிடித்து வைத்தாள்.

"இங்க உள்ளே ஒரு காத்துப் பை மடிச்சு வெச்சிருக்கு. பக்கத்துல எவனாவது வந்து மோதினா, நீங்க கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள அது இந்தத் தையலைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வந்து உங்களைத் தாங்கணும். மத்த தையல் எல்லாம் எவ்வளவு இழுத்தாலும் பிரியக்கூடாது. இது ஒண்ணு மட்டும் பிரியணும். அதுக்குன்னு பலம் கம்மியான நூல் தனியா இருக்கு, தையலையும் எண்ணித்தான் போடணும். அதுல கெட்டி நூலைப் போட்டா பை உள்ளேயே முட்டிக்கிட்டு நிக்கும். உங்களுக்கு எழுதினவர் சொன்னது சரிதான். பல இடத்துல இது தெரியாமத்தான் தைக்கறாங்க."

"நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?"

"சீட்டுக் கம்பெனியில. தையல் லைன்ல பதினாலு வருஷம்."

"எந்தக் கம்பெனி? ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், நீலக் கூரை போட்டிருக்குமே?"

"அதான்."

"அய்யோ! எங்க மாமாவும் அங்கதான்! என் வீட்டுக்காரரோட அப்பா. தையல் லைன் சூப்பர்வைசர். போன வருஷம்தான் ரிட்டயர் ஆனாரு. வாயிலயே விசில் அடிச்சு லைனை நிறுத்துவாராம், அதனால பேரே விசில்னு ஆயிடுச்சாம். நூலை எல்லாம் இருட்டுல தொட்டே எந்த நம்பர்னு சொல்லிடுவேன்னு பெருமை அடிச்சுப்பாரு. உங்களுக்குத் தெரியுமா அவரை?"

உள்ளே நீராவிப் பெட்டியின் சீறல் நின்றது.

"தெரியும்," என்றாள் தையல்காரி. "லைன்ல எல்லாருக்கும் தெரியும்."

"அப்போ சனிக்கிழமை கூட்டிட்டு வரேன். நீங்க ஒரு பக்கத்துண்டை மட்டும் வெட்டி வைங்க, முன்னாடியே தைச்சுக் காட்டுங்க. மாமா சரின்னுட்டா மிச்சத்தை ஆரம்பிச்சுடலாம். அவர் ஃபேக்டரிதான் நல்லதுன்னு ஒத்தைக் கால்ல நிக்கறாரு. நீங்க அங்க இருந்தவங்கன்னு தெரிஞ்சா வாயடைச்சுப் போயிடுவாரு."

"அதைச் சொல்லாதீங்க," என்றாள் தையல்காரி. "திடீர்னு நேர்ல பார்க்கட்டும். ரொம்ப சந்தோஷப்படுவாரு."

பெண் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு தோலைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போனாள். அவள் செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்ததும் நாத்தனார் வெளியே வந்தாள்.

"விசிலா? உன்னைத் துரத்தினானே, அந்த விசிலா?"

"அவனேதான்."

"தெய்வமா பார்த்து வாசல்ல கொண்டுவந்து கட்டிட்டுப் போகுது. விடாதே."

"விட்டாத்தானே, அண்ணி."

ஏழு வருடம் ஆகிறது. அன்றைக்கு ஷிஃப்ட் முடிய இரண்டு மணி நேரம் இருந்தபோது அந்தத் தனி நூல் தீர்ந்துபோனது. லைனை நிறுத்திவிட்டுக் கிடங்குக்கு எழுதி அனுப்ப வேண்டும். நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்ற கேள்வி சூப்பர்வைசருக்குத்தான் வரும். விசில் தானே போய் ஒரு நூல்கண்டைக் கொண்டுவந்து எட்டாம் மிஷினில் மாட்டினார். அதே கறுப்பு. எட்டாம் மிஷின் தையல்காரியுடையது. நாலு தையல் ஓடியதுமே இவள் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிட்டது.

"சார், இழுக்குது. இது வேற நூல்."

"அதே நூல்தான். லேபிள் மாறியிருக்கு. தை."

"கெட்டியா இருக்கு சார்."

"உன் கை மெலிஞ்சு போச்சு. தைம்மா, நேரமாகுது."

தைத்தாள். மறுவாரம் சோதனைக் கூடத்தில் ஒரு சீட்டின் பை வெளியே வரவில்லை. நல்லவேளையாக எந்தச் சீட்டும் வண்டியில் ஏறியிருக்கவில்லை. அத்தனையையும் திரும்ப எடுத்துக் கிழித்துப் போட்டார்கள். விசாரணை என்று நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். விசில் சொன்னது இதுதான்: "அவங்களே போய் நூலை எடுத்து மாட்டிட்டாங்க சார். நான் கணக்குப் பார்க்கற ஆளு, எனக்கு நூல் தெரியாது." ஒருவர் இரண்டு கண்டையும் அவர் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். விசில் உருட்டி உருட்டிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுதான் சார். இதைத் தைக்கறவங்க கையால மட்டும்தான் கண்டுபிடிக்க முடியும்" என்றார். அந்த ஒரு வாக்கியம் இவள் தலையில் முழுப் பழியையும் இறக்கிவைத்தது.

கடைசியாக ஒன்பதாம் மிஷின்காரியைக் கூப்பிட்டார்கள். பதினாலு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மிஷின். ஒரே கத்தரிக்கோல், ஒரே மேசையில் சாப்பாடு. "நூலை யார் கொண்டுவந்து மாட்டினாங்கன்னு பார்த்தீங்களா?" "நான் என் ஊசியைப் பார்த்துட்டிருந்தேன்." அவ்வளவுதான். வேலை போயிற்று. லைனில் மிச்சப் பதினோரு பேரும் நூலைத் தொட்டு அடையாளம் சொல்லும் கைச்சோதனையைப் புதிதாகக் கொடுக்க வேண்டி வந்ததில் அவர்களுக்கும் ஆத்திரம். உயிரோடு விளையாடிவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். கடைத்தெருவில் பார்த்தால் ஒன்பதாம் மிஷின்காரி எதிர்ப்பக்கம் மாறிப் போனாள்.

நாத்தனாருமே முழுதாக நம்பினவள் இல்லை. வாய்ச்சண்டை முற்றினால் அதைத்தான் எடுப்பாள்: "கைக்குத் தெரிஞ்சுதுல்ல? ஏன் தைச்ச?"

சனிக்கிழமைக்கு இருந்த மூன்று நாளும் நாத்தனார் யோசனைகளாக அள்ளி இறைத்தாள்.

"உள்ளே ஒரு ஊசியை விட்டுத் தைச்சுடு. உட்காரட்டும், குதிக்கட்டும்."

"உட்காரப்போறது அந்தப் பொண்ணு அண்ணி."

"தோலுக்கு அடியில கெட்ட மீனைத் தேய்ச்சு விடு. ஆயுசுக்கும் நாத்தம் போகாது."

"மூணு நாள் நம்ம பட்டறையிலதான் கிடக்கும். முதல்ல நமக்குத்தான் நாறும்."

"எதுக்கும் குறுக்கே பேசு. பழிவாங்கற முகமாடி இது?"

ஆனால் அந்த முகத்துக்குப் பின்னால் நாத்தனார் நினைத்தும் பார்க்காத ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் நாத்தனார் அக்கம்பக்கத்தில் பேசப் போயிருந்தபோது, தையல்காரி கெட்டி நூல்கண்டை எடுத்து மிஷினில் மாட்டினாள். ஓட்டுகிற சீட்டில் மருமகள் உட்காருவாள். அதற்குச் சரியான நூல். பக்கத்துச் சீட்டில் யார் உட்காருவார்? மாமனார்தான் உட்காருவார், காலை நீட்டிக்கொண்டு, 'மெதுவா போம்மா' என்று சொல்லிக்கொண்டு. அந்த ஒரு சீட்டுக்கு மட்டும் இந்த நூல். வெளியே இருந்து யாருக்கும் தெரியாது. அந்த ஆள் அப்போதே சத்தியம் செய்து சொல்லியிருக்கிறாரே, இரண்டும் ஒன்று என்று! நூலை ஊசிக் காதில் கோத்தாள். காலை மிதியில் வைத்தாள்.

திரும்பி வந்த நாத்தனார் வாசலில் நின்று எத்தனை நேரம் பார்த்தாளோ தெரியாது. "என்னடி நூல் அது?" என்றாள், வழக்கமான குரலில் இல்லாமல்.

தையல்காரி நூலை அறுத்துக் கண்டைக் கழற்றினாள்.

"போட்டிருப்பேன் அண்ணி. ஆனா போட்டா, அவன் என்னைப் பத்திச் சொன்ன பொய் நிஜமாயிடும். அவனுக்கு அந்த உபகாரத்தை நான் ஏன் பண்ணணும்?"

நாத்தனார் உள்ளே போய் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தாள். அவள் டீ போடுவது அபூர்வம்.

"வேற ஒண்ணு தோணுது," என்றாள் தையல்காரி, டம்ளரை வாங்கிக்கொண்டு. "நாளைக்கு என்ன நடந்தாலும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"நானா?"

"நீங்கதான். அரை மணி நேரம். முடியுமா?"

"வாயில துணியை அடைச்சுக்கறேன், போ."

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு வந்தார்கள். மருமகள் முன்னால், விசில் பின்னால். தலை நரைத்திருந்தது. மற்றபடி அதே நடை, யாரோ வேலை செய்யாமல் இருக்கிறார்களா என்று பார்க்கிற நடை. உள்ளே வந்து தோல் உருளைகளை நோட்டம் விட்டார், மிஷினைப் பார்த்தார், மிஷினுக்குப் பின்னாலிருந்த முகத்தைப் பார்த்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

"வாங்க சார்," என்றாள் தையல்காரி. "உட்காருங்க. எட்டாம் மிஷின். ஞாபகம் இருக்கா?"

"மாமா, இவங்க உங்க லைன்லயே இருந்தவங்களாம்! சொல்லக்கூடாதுன்னாங்க, அதான் சொல்லல. முகத்தைப் பாருங்க, பேயைப் பார்த்த மாதிரி!"

"ம். இருக்கு, இருக்கு," என்றார் விசில். மருமகள் பக்கம் திரும்பினார். "எதுக்கும்மா வெளியில போட்டுக்கிட்டு? நான் அப்பவே சொன்னேன். மேல் மாடலுக்கு மாத்திடுவோம். ஃபேக்டரி ஃபேக்டரிதான். வா, ஷோரூம் பக்கத்துலதானே, போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்."

"மாமா, நான் முடிவு பண்ணிட்டேன். வண்டி என் சம்பளத்துல வாங்கறது, உட்காரப்போறதும் நான். நீங்க வேலை சுத்தமா இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

"வெளியில தைச்சா ஏர்பேக் திறக்காதும்மா. உனக்குத் தெரியாது."

"சரியா சொன்னீங்க சார்," என்றாள் தையல்காரி. "எந்த நூலைப் போட்டா திறக்காது?"

விசில் அவளைப் பார்த்தார். "அதெல்லாம் தைக்கறவங்களுக்குத்தான் தெரியும்."

"உங்களுக்குத் தெரியாதா? இருட்டுல தொட்டே சொல்லுவீங்கன்னு இவங்க சொன்னாங்களே."

"மாமா, சொல்லுங்க!"

"அது சும்மா, வீட்டுல பேசறது."

தையல்காரி மேசையின் மேல் இரண்டு நூல்கண்டுகளை வைத்தாள். இரண்டும் கறுப்பு, இரண்டும் ஒரே உயரம், லேபிள் உரித்தது. வெட்டி வைத்திருந்த காப்பி நிறப் பக்கத்துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, மிஷினுக்கு அடியில் வைத்தாள்.

"இது உங்க மருமக சீட்டுக்கான பக்கம். எதைப் போடலாம், நீங்களே எடுத்துக் குடுங்க சார்."

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றார் விசில்.

உள் வாசலில் நின்ற நாத்தனார் கையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"ஒண்ணா?" என்றாள் மருமகள். "அப்போ நான் எடுக்கறேன்." இரண்டிலும் நூலின் முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கடைக்குப் போனால் எவளும் செய்வதைத்தான் செய்தாள், பலமாக இருந்ததை எடுத்தாள். "இது நல்லா கெட்டியா இருக்கு. ஆயுசுக்கும் வரும். இதையே போடுங்க."

தையல்காரி விசிலைப் பார்த்தாள். விசில் தோல் உருளைகளைப் பார்த்தார்.

"போட்டுடவா சார்?"

"என்னைக் கேட்டா? வாடிக்கைக்காரங்க சொல்றதைப் போடுங்க."

"சரிங்க சார்."

கண்டை மாட்டினாள். நூலை இழுத்து ஊசியில் கோத்தாள். ஒவ்வொன்றையும் மெதுவாக, லைனில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் காட்டுவதுபோல. மருமகள் குனிந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். காதோரம் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, "ரொம்ப நேரா போகுது," என்றாள். ஒரு தையல், இரண்டு தையல். ஊசி ஏறி இறங்கும் சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டது. ஐந்து. ஆறு.

விசில் அடித்தது.

வாயிலிருந்து வந்த விசில்தான். உதட்டைக் குவித்து அவர் அடித்ததா, முப்பது வருடப் பழக்கம் தானே அடித்ததா, அவருக்கே தெரியாது. கூரைத் தகரம் அதிர்ந்தது. தையல்காரியின் காலும் மிதியிலிருந்து தானாகவே எழுந்துவிட்டது. அதற்காக அவள் பிற்பாடு தன்மேலேயே கோபப்பட்டாள்.

"எடு! அதை எடு! அது பிரியாத நூல். அதுல தைச்சா பை வெளியே வராது. அந்தப் பக்கம் இருக்கறதை மாட்டு!"

"எது சார்?"

"அதான், இடது பக்கம் இருக்கே, பளபளப்பு கம்மியா!"

"நீங்க தொடக்கூட இல்லையே சார். ஆறடி தள்ளி நிக்கறீங்க."

விசில் வாயை மூடினார். மூடி என்ன பயன்?

மருமகள் நிமிர்ந்தாள். மாமனாரைப் பார்த்தாள், கண்டுகளைப் பார்த்தாள். "மாமா, இப்பத்தானே ரெண்டும் ஒண்ணுன்னீங்க?"

"அது..."

"ஒண்ணுன்னு நான் எடுத்தேன். போடச் சொன்னேன். நீங்க பார்த்துட்டே நின்னீங்க."

"நிறுத்திட்டேனேம்மா."

"ஆறு தையலுக்கு அப்புறம்."

"பயப்படாதீங்க," என்றாள் தையல்காரி மருமகளிடம். "இது கழிவுத் தோல். உங்க சீட்டுக்குப் போகாது. சார் வாயால ஒரு விஷயம் கேக்கணும்னு தைச்சேன். ஏழு வருஷமா கேக்கணும்னு இருந்தேன்."

அப்புறம் சொன்னாள். அதிகம் சொல்லவில்லை. தீர்ந்துபோன நூல், மாட்டப்பட்ட கண்டு, நீள மேசை, இவர் உருட்டிப் பார்த்து என்ன சொன்னார் என்பது. முடிந்ததும் மருமகள் மாமனார் பக்கம் திரும்பினாள்.

"நிஜமா மாமா?"

விசில் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "லைன் நின்னா என்னைத்தான் கேப்பாங்க. அந்த மாசம் ஏற்கெனவே ரெண்டு தடவை நின்னிருந்துது. ரெண்டு மணி நேரம்தானேன்னு நினைச்சேன். சோதனைக்கு அதுலேர்ந்தே ஒண்ணை எடுப்பாங்கன்னு யார் கண்டா?"

"நான் சொன்னேனா இல்லையா சார், வேற நூல்னு?"

"சொன்னே."

"எத்தனை தடவை?"

"ரெண்டு தடவை."

நாத்தனாரால் அதற்கு மேல் முடியவில்லை. "சொன்னாளா? ரெண்டு தடவை சொன்னாளா?" என்று வெளியே வந்தேவிட்டாள். "ஏய்யா, நான் இவளை எத்தனை வருஷமா குத்திக்கிட்டிருக்கேன், தெரிஞ்சும் ஏன் தைச்சேன்னு! ஏண்டி, சொன்னேன்னு என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன் அண்ணி. நீங்க நம்பல."

நாத்தனார் வாயடைத்து நின்றது அந்தப் பட்டறையில் அதுவே முதல் தடவை. விசில் எழுந்து கைகளைச் சேர்த்தார்.

"தப்புதான்மா. மன்னிச்சுடு. வயசாயிடுச்சு, இத்தோட விட்டுடு. பையனுக்குத் தெரிய வேண்டாம்."

"உங்க பையனை எனக்குத் தெரியாது சார். அவர்கிட்ட சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது?" தையல்காரி தன் போனை எடுத்து மேசையில் வைத்தாள். "ஒன்பதாம் மிஷினுக்குப் பேசுங்க. அவ இப்ப லைன் லீடர். அவளுக்குத் தெரிஞ்சா லைனுக்கே தெரிஞ்ச மாதிரி. இப்ப சாப்பாட்டு வேளை, எல்லாரும் ஒரே மேசையிலதான் இருப்பாங்க. என்ன சொல்லணும்னு நான் சொல்லித் தர மாட்டேன்."

"போன்ல எப்படிம்மா இதையெல்லாம்..."

"மாமா," என்றாள் மருமகள். அந்த ஒரு சொல்தான். விசில் போனை எடுத்து எண்ணைப் போட்டார்.

தையல்காரி ஸ்பீக்கரை அழுத்தினாள். நாலைந்து தடவை அடித்தது. எடுத்தபோது தட்டுச் சத்தமும் பெண்களின் பேச்சும் கூடவே வந்தன. தையல்காரிக்கு அந்த அறையின் வாசனைகூட வந்ததுபோல இருந்தது.

"யாரு?"

"நான்தான்மா. விசில் பேசறேன்."

"சாரா? இது யார் நம்பர்?"

"அதை விடும்மா. ஒண்ணு சொல்லணும். எட்டாம் மிஷின்ல அன்னைக்கு நூலை மாட்டினது நான்தான். அது வேற நூல்னு எனக்குத் தெரியும். அவங்க சொன்னாங்க, நான்தான் தைக்கச் சொன்னேன். விசாரணையில பொய் சொல்லிட்டேன். எல்லாருக்கும் சொல்லிடும்மா."

அந்தப் பக்கம் பேச்சுகள் ஒவ்வொன்றாக அடங்கின. பக்கத்தில் யாரோ "என்னவாம்?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"தெரியும் சார்," என்றாள் ஒன்பதாம் மிஷின்காரி.

"என்ன?"

"நீங்க மாட்டினதை நான் பார்த்தேன். பதினாலு வருஷமாகியும் எனக்கு அப்ப வேலை நிரந்தரம் ஆகல. அதான் ஊசியைப் பார்த்தேன்னு சொல்லிட்டேன்." நாற்காலி நகரும் சத்தம் வந்தது. "சார், இது அவ நம்பரா? அவ பக்கத்துல இருக்காளா? இருந்தா அவகிட்ட குடுங்க."

விசில் போனை நீட்டினார். நாத்தனாரும் மருமகளும் தையல்காரியைப் பார்த்தார்கள்.

ஏழு வருடமாக அவள் நினைத்துவைத்திருந்தது விசிலின் முகத்தை மட்டும்தான். அந்த முகம் இப்போது வெளிறிப்போய் எதிரிலேயே இருந்தது, அது போதுமாகவும் இருந்தது. கடைத்தெருவில் எதிர்ப்பக்கம் மாறிப் போனவள், நூல் மாட்டியதைப் பார்க்காதவள் என்றுதான் இத்தனை நாளும் தனக்குத்தானே சொல்லிவந்திருந்தாள். தப்பாகப் புரிந்துகொண்டவளிடம் கோபப்பட முடியாது என்று பழிக் கணக்கில் அவளை எழுதவே இல்லை.

"எனக்குக் கை வேலையா இருக்குன்னு சொல்லுங்க சார்."

"வேலையா இருக்காங்களாம்," என்றார் விசில்.

"நான் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன், முடிச்சுட்டு வரட்டும்," என்றது போன்.

தையல்காரி கையை நீட்டி இணைப்பைத் துண்டித்தாள். மிஷினிலிருந்த ஆறு தையல் போட்ட துண்டை இழுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். நல்ல தோலை உருளையிலிருந்து விரித்து, "சொல்லுங்க, உங்களுக்குப் பக்கத்துல ரெட்டைத் தையல் வேணுமா, ஒத்தையே போதுமா?" என்று மருமகளைக் கேட்டாள்.

"இன்னும் எனக்குத் தைச்சுக் குடுப்பீங்களா?"

"உங்ககிட்ட எனக்கு என்ன இருக்கு? நூலை நீங்க கூடவே நின்னு பாருங்க. இவரையும் கூட்டிட்டு வாங்க, நல்லா கண்டுபிடிக்கறாரு."

"இவர் வரமாட்டாரு," என்றாள் மருமகள். "ஒத்தையே போதும்." மாமனாரைத் திரும்பிப் பார்க்காமலே வெளியே போய், போகிற ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள். விசில் வாசல் வரை வேகமாகப் போனார். ஆட்டோ போய்விட்டது. இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், பிறகு வெயிலில் இறங்கி நடக்க ஆரம்பித்தார்.

மேசையில் போன் அடித்தது. நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"அவதாண்டி. அந்த ஒன்பது. எடுக்கவா?"

"வேண்டாம்."

அடித்து நின்றது. உடனே மறுபடியும் அடித்தது.

"அழுதுக்கிட்டே அடிக்கறாளோ என்னவோ. எடுத்து ஒரு வார்த்தை திட்டிட்டாவது வையேன். என்னையாவது திட்ட விடு."

"நீங்க திட்டினா அவளுக்கு மனசு ஆறிடும் அண்ணி," என்றாள் தையல்காரி. தோலின் மேல் அளவுப் பலகையை வைத்து, சுண்ணக்கட்டியால் நேராக ஒரு கோடு இழுத்தாள். "சாப்பாட்டு வேளை முடிய இன்னும் இருபது நிமிஷம் இருக்கு. அது வரைக்கும் அடிக்கட்டும். நாளைக்கும் அடிக்கறாளான்னு பார்க்கலாம்."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கத்தரிக்கோலை எடுத்தாள்.